ஒரு கார் தூங்கும் இடத்தில் எட்டுப் பேர் உட்காரலாம்

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. சிரம்பான் பட்டணத்தில் டியூஷன் வகுப்பு முடிந்து வெளியே வருகிறீர்கள். லாபுவுக்கோ ரந்தாவுக்கோ போகும் பேருந்து வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அல்லது அப்பா வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை எங்கே உட்காருவது?

மாமாக் கடையில் உட்காரலாம். ஆனால், ஒரு தே தாரிக் வாங்க வேண்டும். அது தீர்ந்துவிட்டால் இன்னொன்று வாங்க வேண்டும், அல்லது எழுந்துவிட வேண்டும். கடை வாசல் படியில் உட்கார்ந்தால் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். கடைசியில், புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்தடித் தூண் ஒன்றில் சாய்ந்து நிற்பதுதான் வழி.

நிற்கும்போது எதிரே கொஞ்சம் பாருங்கள். சாலையோரம் வெள்ளைக்கோடு போட்ட பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கார். உள்ளே யாரும் இல்லை. காருக்கு இடம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

அந்தப் பெட்டிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, நான்கு பலகை இருக்கைகளும் ஒரு செடித்தொட்டியும் வைத்தால் என்ன? உலகின் பல நகரங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு, செய்தும் பார்த்துவிட்டன. சாலையோரக் கார் நிறுத்துமிடத்தைப் பொதுமக்கள் உட்காரும் இடமாக மாற்றுவதற்கு ‘பார்க்லெட்’ என்று பெயர். தமிழில் குட்டிப் பூங்கா என்று சொல்லலாம். அதைப் பற்றிப் பேசும் முன், நம் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

தோட்டத்து மரத்தடி யாருடையது?

நெகிரி செம்பிலானில் தமிழர்களின் கதை பெரும்பாலும் தோட்டங்களில் தொடங்குகிறது. லாபு, லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று பெயர்களைச் சொன்னாலே போதும். பாட்டியோ தாத்தாவோ பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். பால் மரம் சீவியது, பெரட்டுக்கு விடியற்காலையில் ஓடியது, லயத்து வாழ்க்கை எல்லாம் வரும்.

அந்தப் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். அதில் உட்காரும் இடங்கள் நிறைய வரும். லயத்து வாசல், கோயில் மரத்தடி, பந்து விளையாடும் திடலின் ஓரம், மளிகைக் கடையின் பலகை வாங்கு. மாலையானால் ஆட்கள் அங்கே சேர்ந்தார்கள். என்ன வாங்கினாய் என்று யாரும் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சும், சம்பளப் பேச்சும், தொழிற்சங்கப் பேச்சும் அப்படிப்பட்ட இடங்களில்தான் நடந்தன.

தோட்ட வாழ்க்கையை இனிப்பாக மட்டும் சொல்வது சரியல்ல. கூலி குறைவு, வசதி குறைவு, வேலை கடுமை. இன்னொன்றும் உண்டு. அந்த மரமும் திடலும் வாசலும் அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை. நிலம் தோட்ட நிர்வாகத்தினுடையது. தோட்டம் கைமாறியபோதும், மேம்பாட்டுக்குப் போனபோதும் மரத்தடியும் சேர்ந்தே போனது.

செனவாங் இன்று தொழிற்பேட்டையும் தாமான்களும் நிறைந்த இடம். அங்கே உள்ள செனவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ இன்னும் இருக்கிறது. இப்படிப் பெயரில் மட்டும் தோட்டம் மிஞ்சிய பள்ளிகளை நம் மாநிலத்தில் வேறு பல இடங்களிலும் காணலாம்.

தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் தரை வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தன. வீடு கிடைத்தது. வாசல் கிடைக்கவில்லை. நான்காவது மாடியில் இருக்கும் பாட்டிக்குக் கீழே இறங்கினால் கார்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். உட்காரும் இடம் ஒரு சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால், இடம் இல்லாத ஊரில் ஒருவரையொருவர் பார்ப்பதே குறைந்துவிடும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மரத்தடி நம் பெயரில் இல்லை. பட்டணத்துச் சாலை பொதுமக்களுடையது. அதில் நம் பங்கும் இருக்கிறது.

பன்னிரண்டரை சதுர மீட்டர்

ஒரு கார் நிறுத்தும் பெட்டி ஏறக்குறைய 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது. பெருக்கினால் 12.5 சதுர மீட்டர். நம் நாட்டில் மலிவு விலை வீடு என்றால் 650 சதுர அடி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சுமார் 60 சதுர மீட்டர். அதாவது, ஐந்து கார்கள் நிற்கும் இடத்தில் ஒரு குடும்பம் வாழும் வீடு அடங்கிவிடும்.

இன்னொரு கணக்கு. ஒரு பெட்டியில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால், மூன்று மணி நேரத்தில் 48 பேர் அந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதே மூன்று மணி நேரம் ஒரே கார் நின்றால், அதில் வந்த ஒருவரோ இருவரோதான் பயனடைகிறார்கள். கார்ப் பக்கமும் நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? அரை மணிக்கு ஒரு கார் மாறி மாறி வந்து, ஒவ்வொன்றிலும் இருவர் வந்தாலும் மொத்தம் 12 பேர்தான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டோனல்ட் ஷூப் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்தை ஆராய்வதில் செலவிட்டவர். 2005ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், இலவசக் கார் நிறுத்தத்துக்கு நாம் கொடுக்கும் பெரிய விலையைப் பற்றியது. ஒரு கார் தன் ஆயுளில் 95 விழுக்காடு நேரம் சும்மா நிற்கிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். 2025ஆம் ஆண்டில் அவர் காலமானார். நம் நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள் தொகையையே தாண்டிவிட்டது. சும்மா நிற்கும் அந்த வாகனங்களுக்கு எவ்வளவு நிலம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு மணி நேரப் பூங்கா

2005ஆம் ஆண்டு நவம்பர் 16. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம். ‘ரீபார்’ என்ற வடிவமைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் ஒரு வேலை செய்தார்கள். கார் நிறுத்தும் மீட்டரில் காசு போட்டார்கள். ஆனால், காரை நிறுத்தவில்லை. புல்தரையை விரித்து, ஒரு பெஞ்சும் தொட்டியில் வளர்ந்த ஒரு மரமும் வைத்தார்கள். மீட்டர் காட்டிய இரண்டு மணி நேரம் முடிந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு, இடத்தைப் பெருக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. காசு கட்டினால் அந்த இடம் சிறிது நேரத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிறது. அதில் காரைத்தான் வைக்க வேண்டுமா?

அந்தப் படம் உலகெங்கும் பரவியது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இதற்கான நாளாகியது. 2011ஆம் ஆண்டில் 35 நாடுகளைச் சேர்ந்த 162 நகரங்களில் 975 தற்காலிகப் பூங்காக்கள் முளைத்தன. அண்டை நாடான சிங்கப்பூரில் நகர மறுசீரமைப்பு ஆணையமே இந்த நாளுக்கு ஆதரவு தந்து, பள்ளிகளும் குழுக்களும் கலந்துகொள்ள வழி செய்தது.

சான் பிரான்சிஸ்கோ நகராட்சி அந்த இளைஞர்களைத் தண்டிக்கவில்லை. கற்றுக்கொண்டது. 2010ஆம் ஆண்டில் நிரந்தரமான முதல் பார்க்லெட்டுகள் அங்கே வந்தன. பக்கத்துக் கடையோ குடியிருப்பாளர் குழுவோ செலவு செய்து கட்டிப் பராமரிக்கும். ஆனால், இடம் பொதுமக்களுடையது. கடையில் எதுவும் வாங்காதவரும் அங்கே உட்காரலாம். அப்படி அறிவிக்கும் பலகையை வைக்க வேண்டும் என்பதும் விதி.

இந்த விதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டில் கோவிட் பரவியபோது, நியூயார்க் உள்ளிட்ட பல நகரங்களில் உணவகங்கள் சாலையோரத்தில் மேசை போட அனுமதி பெற்றன. நெருக்கடி நேரத்தில் அது பல கடைகளைக் காப்பாற்றியது. ஆனால், சாப்பிட வருபவருக்கு மட்டும் என்றால் அது உணவகத்தின் நீட்சிதான். நாம் பேசுவது, கையில் காசு இல்லாத மாணவரும் உட்காரக்கூடிய இடத்தைப் பற்றி.

திண்ணையும் சுமைதாங்கியும்

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்த புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். வழிப்போக்கருக்கு இடம் தருவது தமிழருக்குப் பழைய பழக்கம். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளின் முன்னால் இருந்த திண்ணை, வீட்டுக்காரருடையது. ஆனால், தெருவில் போகிறவரும் அதில் உட்கார்ந்து இளைப்பாறலாம்.

சாலையோரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லை வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர், மற்றவர் உதவி இல்லாமலே சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம், பிறகு தூக்கிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. வயிற்றில் சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல்.

மலாய் மக்களிடமும் இந்தப் பண்பு உண்டு. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வழியோரத்தில் ‘வக்காஃப்’ எனப்படும் சிறு நிழற்குடில்கள் உள்ளன. நடந்து வருபவர் யாராக இருந்தாலும் அங்கே களைப்பாறலாம்.

நாம் தினமும் நடக்கும் ஐந்தடியும் இப்படி வந்ததுதான். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரத் திட்டத்தை வகுத்தபோது, கடைவீடுகளின் முன்னால் மக்கள் தடையின்றி நடக்கக் கூரை போட்ட வழியை விட வேண்டும் என்று ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் விதித்தார். பிறகு மலாயாவின் பட்டணங்களிலும் அந்த முறை பரவியது. சிரம்பானின் பழைய கடைத்தெருக்களில் வெயிலும் மழையும் படாமல் நாம் நடப்பது அதனால்தான். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் கடைக்காரரிடம் சொன்னது: உன் வாசலில் ஐந்தடி ஊருக்கு. இன்று சாலையிடம் ஒரு பெட்டியைக் கேட்பது அதைவிடப் பெரிய கோரிக்கையா?

பாண்டி பஜார் சொல்லும் பாடம்

தமிழர் நகரம் ஒன்றில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. சென்னை தியாகராய நகரில் துணிக்கும் நகைக்கும் பெயர்போன கடைத்தெரு பாண்டி பஜார். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் முழுப்பெயர். தீபாவளி நேரத்தில் அங்கே போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். இரு ஓரமும் வாகனங்கள் நிற்க, மக்கள் சாலை நடுவே நடப்பார்கள்.

2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தச் சாலை புதிய வடிவில் திறக்கப்பட்டது. சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ், வாகனங்கள் ஓடவும் நிற்கவும் இருந்த இடத்தைக் குறைத்து, இரு பக்கமும் அகலமான நடைபாதை போட்டார்கள். உட்கார இருக்கைகளும் குழந்தைகள் விளையாடச் சில அமைப்புகளும் வந்தன. ஏற்கெனவே இருந்த மரங்களின் நிழல் அந்த இருக்கைகளுக்குக் கிடைத்தது. வாகனங்களுக்காகத் தணிகாசலம் சாலையில் பலமாடி நிறுத்தகம் கட்டப்பட்டது.

இதைச் செய்யும் முன், சில நாள்கள் மட்டும் சாலையை மாற்றியமைத்து, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். முதலில் தற்காலிகமாகச் செய்து பார், பிறகு நிரந்தரமாக்கு. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் கசப்பானது. அந்தத் தெருவின் நடைபாதையில் பல ஆண்டுகளாகக் கடை போட்டிருந்த சிறு வியாபாரிகள் 2013ஆம் ஆண்டிலேயே ஒரு வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். தெருவில் நடப்பவரின் கண்ணில் படும் கடையும் மாடிக்குள் இருக்கும் கடையும் ஒன்றல்ல. நடப்பவருக்கு இடம் செய்யும்போது தெருவை நம்பிப் பிழைப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கட்டி முடித்தால் வேலை முடிந்துவிடாது. அகலமான நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஏறுவதாகப் புகார்கள் வந்தன. இருக்கையைப் போடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பது அன்றாட வேலை.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம்மவர் பூமாலை வாங்கப் போகும் கேம்பல் லேன் இன்று வாகனம் ஓடாத வீதி. மக்கள் நிதானமாக நடக்கிறார்கள், நின்று பேசுகிறார்கள்.

‘லெப்பாக்’ என்ற முத்திரை

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி நம் வீட்டிலிருந்தே வரும். “இருக்கை போட்டால் பையன்கள் வேலை வெட்டி இல்லாமல் லெப்பாக் அடிப்பார்களே?”

நான்கு இளைஞர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் நம் பிள்ளைகளாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால், உட்கார நல்ல இடம் இல்லாததால்தான் அவர்கள் இருட்டான மூலைகளைத் தேடிப் போகிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வில்லியம் எச். வைட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் நியூயார்க் நகரச் சதுக்கங்களில் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாக எண்ணினார். சில சதுக்கங்கள் நிரம்பி வழிந்தன. சில வெறிச்சோடிக் கிடந்தன. காரணம் தேடினார். அழகோ பரப்பளவோ முக்கியக் காரணமாக இல்லை. உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பதே அவர் கண்டது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் 1975ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் தன் கட்டட விதிகளை மாற்றி, சதுக்கங்களில் இவ்வளவு இருக்கை வேண்டும் என்று சட்டமாக்கியது.

வைட் இன்னொன்றும் கவனித்தார். பெண்கள் அதிகமாக வந்து உட்காரும் இடம், நன்றாக அமைந்த இடம். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். மாமாக் கடையில் பையன்கள் இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஒரு மாணவி தனியாக அப்படி உட்கார முடியுமா? தெருவோரத்தில், வெளிச்சத்தில், எல்லார் பார்வையிலும் இருக்கும் இருக்கை அவளுக்குத்தான் அதிகம் தேவை. பாட்டியும் மாணவியும் குழந்தையோடு வரும் அம்மாவும் உட்காரும் இடத்தில் வம்பு செய்பவருக்கு வேலை இல்லை.

கடைக்காரரின் பயம்

இரண்டாவது கேள்வி வியாபாரிகளுடையது. “கார் நிற்க இடம் இல்லை என்றால் வாடிக்கையாளர் வரமாட்டாரே?” இந்தப் பயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. சிறு கடைக்காரருக்கு ஒரு நாள் வியாபாரமும் முக்கியம்.

பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடந்தது. உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். 41 விழுக்காடு என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது, உண்மையில் 22 விழுக்காட்டினர்தான் காரில் வந்திருந்தார்கள். பிரிஸ்டல் வேறு, பகாவ் வேறு என்பது உண்மைதான். அதனால்தான் நாமே எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பேராசிரியர் ஷூப் காட்டும் இன்னொரு வழியும் உண்டு. கலிஃபோர்னியாவின் பசடீனா நகரில் 1993ஆம் ஆண்டில் பழைய கடைத்தெருவில் மீட்டர் வைத்தபோது, அந்த வருமானத்தை அந்தத் தெருவுக்கே திருப்பிச் செலவிட்டார்கள். நடைபாதை சீரானது, விளக்குகள் வந்தன, தெரு சுத்தமானது. காசு எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்ததும் கடைக்காரர்களின் எதிர்ப்பு குறைந்தது.

மழை, வெயில், கொசு

மூன்றாவது கேள்வி நம் வானிலையைப் பற்றியது. சான் பிரான்சிஸ்கோவின் குளிர்ந்த தெருவுக்குச் செய்த வடிவத்தை அப்படியே சிரம்பானில் வைத்தால், பகல் பன்னிரண்டு மணிக்கு யாரும் உட்கார மாட்டார்கள். தார்ச்சாலையின் சூடு பலகை வழியாக ஏறும். மாலையில் இடியோடு மழை கொட்டும்.

ஆகவே முதல் தேவை நிழல். ஏற்கெனவே மரம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது மலிவான வழி. இல்லாவிட்டால் கூரை வேண்டும். கூரைத் தண்ணீர் ஐந்தடிக்குள் பாயாமல் சாலையோரக் கால்வாய்க்குப் போக வேண்டும். மேடை போட்டால், அதன் அடியில் மழைநீர் தடையின்றி ஓட வழி விட வேண்டும். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும்; டிங்கி வரும். செடித்தொட்டியின் தட்டிலும் இதே ஆபத்து உண்டு. அடியைச் சுத்தம் செய்யத் திறக்கக்கூடிய பலகை இருந்தால் நல்லது.

பாதுகாப்பும் முக்கியம். கார்கள் வேகமாக ஓடும் பெரிய சாலைக்கு இது ஏற்றதல்ல. மெதுவாகப் போகும் கடைத்தெருவே பொருத்தம். சாலைப் பக்கத்தில் வலுவான தடுப்பும், இரவில் தெரியும் ஒளிப்பட்டைகளும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியை ஒருபோதும் எடுக்கக் கூடாது. சிகிச்சையகத்தின் வாசல், பிக்கப் வண்டியில் சரக்கு இறக்கும் இடம் ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறக்கூடியபடி, மேடை ஐந்தடியின் மட்டத்தில் இருக்க வேண்டும்.

யாரைக் கேட்பது?

சிரம்பான் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மாநகரானது. சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து சிரம்பான் மாநகர் மன்றம் உருவாயிற்று. போர்ட்டிக்சன், ஜெம்போல், ரெம்பாவ், தம்பின் போன்ற வட்டாரங்களுக்குத் தனித்தனி ஊராட்சி மன்றங்கள் உள்ளன. சாலையோரக் கார் நிறுத்துமிடமும் பொது இடங்களும் பெரும்பாலும் இவற்றின் கையில்தான். நம் நாட்டில் மன்ற உறுப்பினர்களை நாம் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஆனாலும், உங்கள் வட்டாரத்துக்கு ஒரு மன்ற உறுப்பினர் இருப்பார். அவர் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் பொதுமக்களுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. ஒரு வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரையும்போது, அந்த வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பார்த்துவிட்டு யாரும் எழுத்து மூலம் கருத்தோ மறுப்போ தெரிவிக்கலாம். அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

இது நெகிரி செம்பிலான் மாணவர்களுக்கு வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. லாபு வட்டாரத்துத் தோட்ட நிலங்கள் ‘மலேசியா விஷன் வேலி’ எனும் பெருந்திட்டத்துக்குள் வருகின்றன. நம் தாத்தா பால் மரம் சீவிய நிலத்தில் நாளை புதிய நகரங்கள் எழும். கட்டி முடித்த தெருவில் ஒரு பெட்டியைத் திருப்பிக் கேட்பது கடினம். வரைபடமாக இருக்கும்போதே மரத்தடியையும் இருக்கையையும் கேட்பது எளிது.

நீங்களே எண்ணிப் பாருங்கள்

வைட் செய்ததைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் போதும். நண்பர்கள் மூவர் சேருங்கள். ரந்தாவ், சிலியாவ், பகாவ், நீலாய், சிரம்பான் என்று உங்களுக்குப் பழக்கமான கடைத்தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. பத்துக் கார் நிறுத்தும் பெட்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார் எப்போது வந்தது, எப்போது போனது, அதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதுங்கள். வண்டி எண்ணையோ ஆட்களின் படத்தையோ எடுக்க வேண்டாம்.

2. ஐந்தடியில் நடந்து போனவர்களை எண்ணுங்கள். ஆண், பெண், முதியவர், மாணவர் என்று பிரித்துக் கோடு போடுங்கள்.

3. யார் எங்கே உட்கார்ந்தார்கள் அல்லது சாய்ந்து நின்றார்கள் என்று பாருங்கள். படிக்கட்டு, பூத்தொட்டி விளிம்பு, மோட்டார் சைக்கிள் இருக்கை எல்லாம் கணக்கில் வரும். இருக்கை தேவைப்படும் இடத்தை அவர்களே உங்களுக்குக் காட்டிவிடுவார்கள்.

4. நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று படம் வரையுங்கள்.

5. ஐந்து கடைக்காரர்களிடம் அனுமதி கேட்டு, பிரிஸ்டலில் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். பிறகு அவர்களின் வாடிக்கையாளர்களையும் கேளுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

கிடைத்த விவரங்களை இரண்டு பக்கத்தில் அறிக்கையாக்குங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். எஸ்டிபிஎம் மாணவர்களுக்கு இது பொதுப் பாடத்தின் ஆய்வுப் பணிக்கும் உதவலாம். ஆசிரியரைக் கலந்து பேசுங்கள். அறிக்கையின் ஒரு நகல் மன்ற உறுப்பினருக்குப் போகட்டும். நிரந்தரமாக வேண்டும் என்று தொடங்காதீர்கள். ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு வார இறுதி என்று கேளுங்கள். அனுமதி இல்லாமல் சாலையில் எதையும் வைக்க வேண்டாம்.

இந்த வேலை பிடித்துப்போனால், அதற்கென்று படிப்பும் இருக்கிறது. நகரத் திட்டமிடலை மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவை கற்பிக்கின்றன. நிலவடிவமைப்புத் துறையை மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மூன்று கதவுகளையே தட்டிக்கொண்டிருக்கும் நாம் இந்தக் கதவையும் தட்டிப் பார்க்கலாம். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று வரைபவர்களின் மேசையில் தோட்டத்துப் பேரப்பிள்ளை ஒருவர் இருந்தால், மரத்தடி எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை டியூஷன் முடிந்து தூணில் சாய்ந்து நிற்கும்போது கைப்பேசியை ஒரு பத்து நிமிடம் பைக்குள் வையுங்கள். எதிரே நிற்கும் கார்களை எண்ணுங்கள். உங்களோடு நிற்பவர்களையும் எண்ணுங்கள். மருந்துப் பையோடு ஒரு பாட்டி நின்றுகொண்டிருப்பார். அவருக்கு உட்கார ஓர் இடம் கேட்பதிலிருந்து தொடங்கலாம்.